ஒரு நன்கொடையும் ஒரு கல்லூரியின் மறுபிறப்பும்

அறிவியல் ஆய்வுக்குத் தனியார் அறக்கட்டளைகள் அளித்த கொடையைப் பற்றிப் பேசும்போது, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் உடனே நினைவுக்கு வருகின்றன. மொழியியலின் கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அது புனேயின் டெக்கான் கல்லூரியோடு பிணைந்த கதை.

1821-இல் விசிராம்பாக் வாடாவில் 'இந்து கல்லூரி' என்னும் பெயரில் அது தொடங்கியது. பேஷ்வாக்கள் பண்டிதர்களுக்கு வழங்கிவந்த தட்சிணை நிதியின் ஒரு பகுதியே அதற்கு முதலாயிற்று. பின்னர் எரவாடாவில் புதிய கட்டடம் எழுந்தபோது, ஜீஜீபாய் குடும்பத்தின் நன்கொடையும் அதில் சேர்ந்தது. 1868 முதல் கல்லூரி அங்கே இயங்கியது.

1934-இல் மாகாண அரசு கல்லூரியை மூடிவிட்டது. பழைய மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கல்விக்கென ஒப்படைக்கப்பட்ட நன்கொடையை ஏற்ற அரசு, அதன் காவலராகவே ஆகிறது. அந்நோக்கத்தைத் தன் விருப்பம்போல் கைவிட அதற்கு உரிமையில்லை என்பதே அவர்கள் பற்றிய வாதம். 1939-இல் கல்லூரி ஆய்வு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் கொடுக்கப்பட்ட பணம், கொடுத்தவர்கள் காலத்துக்குப் பின்னும் ஒரு நிறுவனத்துக்கு அரணாக நின்றது.

அவ்வாண்டே அங்கே பேராசிரியராகச் சேர்ந்து பின்னர் இயக்குநரான எஸ். எம். காத்ரே, அடுத்த அத்தியாயத்தை எழுதினார். இந்திய மொழியியற் கழகம் 1928-இலேயே லாகூரில் தோன்றியிருந்தது. எனினும் பழைய நூல்களின் மொழியை ஒப்பிட்டு ஆராயும் மரபே இங்கு ஓங்கியிருந்தது. மக்கள் பேசும் மொழியைக் களத்தில் பதிந்து பகுத்தாயும் பயிற்சியை அளிக்க ஆசிரியர்கள் அரிதாகவே இருந்தனர். 1954-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு டெக்கான் கல்லூரியில் மொழியியற் பள்ளிகள் தொடங்கின. அமெரிக்க அறிஞர்கள் இங்கு வந்து கற்பித்தனர். இந்திய ஆய்வாளர்கள் அங்கு சென்று பயின்றனர்.

வந்தவர்களுள் ஒருவர் வில்லியம் பிரைட். கலிபோர்னியப் பழங்குடி மொழியான கரோக்கை ஆராய்ந்து 1955-இல் முனைவர் பட்டம் பெற்ற அவருக்கு அப்போது வயது 27. ராக்பெல்லர் உதவித்தொகையோடு 1955 முதல் 1957 வரை இந்தியாவில் தங்கினார். அதன் விளைவான பேச்சுக் கன்னடம் பற்றிய நூலை 1958-இல் டெக்கான் கல்லூரியே வெளியிட்டது. பிற்காலத்தில் அமெரிக்க மொழியியற் கழகத்தின் இதழுக்கு இருபதாண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருந்தவரும் இவரே. ஆய்வுப் பட்டம் முடிந்து, நிலையான பணி கிட்டாத அந்த இடைவெளியில் கைகொடுக்கும் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வாளரின் வாழ்நாட் பாதையை வகுத்துவிடக்கூடும்.

இதைத் தூய வள்ளன்மை என்று மட்டும் கொண்டால் வரலாறு குறைபடும். போருக்குப் பின் ஆசிய நாடுகளை அறிந்துகொள்ளும் தேவை அமெரிக்காவுக்கு இருந்தது. அந்நாட்டு அறக்கட்டளைகளின் கவனம் இப்பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். கொடுப்பவரின் நோக்கம் மாறினால் பணமும் திசை மாறும்.

ராக்பெல்லர் உதவி சில ஆண்டுகளில் நின்றது, துறை நிற்கவில்லை. 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு டெக்கான் கல்லூரியையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் மொழியியல் உயராய்வு மையங்களாக ஏற்றது. அறக்கட்டளை ஊன்றிய விதைக்கு அரசு நீர் பாய்ச்சியது. இன்று, ஆய்வுச் செலவைத் தனியார் பார்த்துக்கொள்ளட்டும் என்னும் குரல் எழும்போதெல்லாம் எரவாடாவின் அந்தக் கட்டடத்தை எண்ணிப் பார்க்கலாம். தனியார் கொடை அரசைத் தன் கடமைக்கு இழுத்துவந்த இடம் அது. அரசை அக்கடமையிலிருந்து விடுவித்த இடமன்று.