ஒரு டிஸ்க், பல கணிப்பொறிகள்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். கல்லூரி நினைவுகளை மற்றவர்கள் அழகாக எழுதுவார்கள். எனக்குச் சோறு போட்ட துறையின் வரலாற்றில் ஒரு பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஒரே டிஸ்க்கைப் பல கணிப்பொறிகள் பங்கிட்டுக்கொள்ள, ஒயரை இழுத்து மாட்டினால் போதாதா? போதாது. காலியான ஓர் இடத்தை இரண்டு கணிப்பொறிகள் ஒரே சமயத்தில் பார்த்து, ‘இது நமக்குத்தான்’ என்று இரண்டும் எழுதினால் ஒருவருடைய கோப்பு போச்சு! போனதும் உடனே தெரியாது.

இதற்கு நல்ல வழி கண்டது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம். 1983-ல் அது அறிவித்த வாக்ஸ்கிளஸ்டரில், கணிப்பொறிகளும் டிஸ்க் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுமாக 16 வரை இணைக்கலாம். வேகம் நொடிக்கு 7 கோடி பிட். ஆனால் சூட்சுமம் ஒயரில் இல்லை. 1984-ல் வந்த வி.எம்.எஸ். 4-ஆம் பதிப்பில் இருந்தது.

முதலாவது, பூட்டு. கோப்பைத் தொடுமுன் பூட்டு கேட்டு வாங்க வேண்டும். ‘நான் படிக்கிறேன், மற்றவர் எழுதட்டும்’ என்பது முதல் ‘யாரும் கிட்டே வராதே’ என்பது வரை ஆறு வகைப் பூட்டுகள். இந்தக் கணக்கு எல்லாக் கணிப்பொறிகளிலும் பிரிந்திருக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை சேர்ந்து கணக்கைத் திரும்ப எழுதிக்கொள்ளும்.

இரண்டாவது, ஓட்டு. இணைப்பு அறுந்து கூட்டம் இரண்டாகப் பிளந்தால், ‘அவங்க செத்துட்டாங்க’ என்று இரு பக்கமும் எழுதத் தொடங்கும், டிஸ்க் நாசம். ஆகவே பெரும்பான்மை ஓட்டு இல்லாத பக்கம் தானே வேலையை நிறுத்திக்கொள்ளும். என்னோடு வேலை பார்த்த இளைஞர்கள், “மெஷின் நல்லாத்தானே சார் இருக்கு, ஏன் நின்னுடுச்சு?” என்பார்கள். “அது நின்னதாலதான் தம்பி கோப்பு பிழைச்சுது” என்பேன்.

1990-களின் நடுவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜி.எஃப்.எஸ். பிறந்தது. அங்கே முதலில் பூட்டை டிஸ்க் கருவியிலேயே வைத்துப் பார்த்தார்கள். அதை வளர்த்த சிஸ்டினா நிறுவனத்தை 2003-ல் ரெட் ஹேட் வாங்கி, 2004-ல் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2006-ல் ஜி.எஃப்.எஸ். 2 லினக்ஸ் கருவுக்குள் வந்தது. கூடவே வந்த பூட்டு நிர்வாகியைப் பாருங்கள்: அதே ஆறு வகைப் பூட்டுகள்!

டிஜிட்டல் நிறுவனம் 1998-ல் காம்பாக் கைக்குப் போய்விட்டது. அதன் பொறியாளர்கள் வகுத்த ஒழுங்கு இன்றும் வேலை செய்கிறது. மாணவர்களே, நாளைக்கு நீங்கள் ஒரு கிளஸ்டரை அமைக்கும்போது எத்தனை வேகம் என்று கேட்கும் முன், ஒயர் அறுந்தால் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேளுங்கள்.