இடைநிலைப் பள்ளிக்கு நிதி திரட்டப் போகிறீர்களா? பெற்றோர் அறிய வேண்டியவை

ஜொகூர் பாரு - தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடியும் வரை கூட்டம், விளையாட்டுப் போட்டி, கோத்தோங் ரோயோங் என்று பள்ளிக்கு வந்துபோகும் பெற்றோர், பிள்ளை தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் ஒதுங்கிவிடுவது உண்டு. ஆனால், பேருந்துக் கட்டணம், எஸ்.பி.எம். பயிற்சி நூல்கள், மாலை வகுப்பு எனச் செலவு கூடுவது அங்கேதான். தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பேருந்துக் காசு இல்லையென்றால் படிப்பே நின்றுவிடலாம்.

கட்டாயக் கட்டணம் அல்ல

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 1996 கல்விச் சட்டத்தின் கீழும், 1998-இல் வந்த விதிமுறைகளின் கீழும் இயங்குகின்றன. சங்கத்துக்குத் தரும் தொகை நன்கொடையே. அதைச் செலுத்தவில்லை என்பதற்காகப் பிள்ளைக்குப் பள்ளியில் இடமோ பாடநூலோ மறுக்கக் கூடாது. வசதி குறைந்த குடும்பத்தை வெட்கப்பட வைக்கும் வசூல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டிவிடும்.

காசுக்கு முன் கையொப்பம்

தேசிய இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டம். நிதி திரட்டித் தனியாக ஆசிரியர் வைப்பதற்கு முன், 15 பெற்றோரின் கையொப்பத்தோடு பள்ளி முதல்வரிடம் கடிதம் கொடுப்பதே முதல் வேலை.

எதற்காக என்று சொல்லுங்கள்

"பள்ளி நிதி" என்று பொதுவாகக் கேட்பதைவிட, தேவையைக் குறிப்பிட்டுக் கேட்டால் மக்கள் மனமுவந்து தருவார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 10 வெள்ளி உணவுக் கூப்பன் 300 விற்றால் 3,000 வெள்ளி. சமையல் பொருள்களுக்கு 1,200 போனால் மீதம் 1,800. மாதம் 60 வெள்ளி வீதம் 10 மாணவர்களின் மூன்று மாதப் பேருந்துக் கட்டணம் அது.

பெற்றோர் முன்னின்று செய்யக்கூடியவை:

- உணவுச் சந்தை: தோசை, நாசி லெமாக், பலகாரம் என வகுப்புக்கு ஒரு கடை. ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதால், சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் பலரும் கலந்துகொள்ள முடியும்.
- பழைய பொருள்கள்: பயன்படுத்திய சமையல் எண்ணெய், பழைய நாளிதழ், அலுமினிய டின் ஆகியவற்றை வாங்கிக்கொள்ள வியாபாரிகள் இருக்கிறார்கள். வீடுகளோடு கோயில் சமையலறைகளையும் கேட்டுப் பார்க்கலாம்.
- நன்கொடை நடை: செலவு குறைவு. பிள்ளைகளும் சேர்ந்து நடக்கலாம்.
- முன்னாள் மாணவர்: பணம் தர இயலாதவர் வாரம் ஒரு மணி நேரம் கணிதம் சொல்லித் தரலாம்.

அனுமதி முக்கியம்

பள்ளி வளாகத்தில் எதைச் செய்தாலும் முதல்வரின் ஒப்புதல் வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. பரிசுக் குலுக்கல் சீட்டு விற்பதும் 1952 லாட்டரிச் சட்டத்துக்குள் வரும். அனுமதியின்றி அச்சடிக்க வேண்டாம்.

கணக்கே நம்பிக்கை

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். தனிநபரின் கைப்பேசிப் பணப்பைக்கு அல்ல. ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது தேவை. நிகழ்ச்சி முடிந்த இரண்டு வாரத்துக்குள் வரவு செலவைப் புலனக் குழுவிலும் அறிவிப்புப் பலகையிலும் போட்டுவிடலாம். உதவி பெறும் மாணவர்களின் பெயரை மட்டும் வெளியிடக் கூடாது.

1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்விக்கு அந்தச் சிறு தொகைகள் துணை நின்றன. இன்றும் சிறு தொகை போதும். ஆனால், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்காரும் பெற்றோர்தான் அது எங்கே போகிறது என்று கேட்க முடியும்.