கோலார் தங்கவயலை ஆண்ட லண்டன் அலுவலகம்

கோலார் தங்கவயலில் வானளாவி நின்றவை சுரங்க வாய்களின் மேல் எழுந்த இரும்புக் கோபுரங்கள் மட்டுமே. அவ்வயலின் தலைமை அலுவலகம் கடல் கடந்து, லண்டனின் வணிக மையமான சிட்டிப் பகுதியில், குவீன் ஸ்ட்ரீட் பிளேஸ் 6ஆம் எண் முகவரியில் இருந்தது. ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் சுரங்கப் பொறியியல் நிறுவனத்தின் இடம் அது.

1880இல் தொடங்கிய மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியும், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் கம்பெனிகளும் வெவ்வேறு பங்குதாரர்களைக் கொண்டவை. எனினும் நிருவாகம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. சுரங்க மேலாளர்கள் தங்கவயலிலிருந்து அறிக்கை அனுப்புவர். முதலீடும் இலாபப் பங்கும் லண்டனில் முடிவாகும். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சுரங்க இயந்திரங்கள் மின்னாற்றலால் இயங்கின.

அந்த இயந்திரங்களுக்கு அருகே உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள். மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகளில் அவர்கள் வாழ்ந்தனர். நிலத்தடியில் பாறைவெடிப்பும், நுரையீரலை அரிக்கும் கல்தூசியும் அவர்களைக் காத்திருந்தன. கம்பெனிக் கணக்கில் அவர்கள் நாட்கூலிக்குரிய எண்கள்.

அம்மக்கள் தமக்கென ஓர் எழுத்துலகையும் படைத்துக்கொண்டனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர்கள் இருந்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. 1914இல் பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது.

1930இல் தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவுசெய்யும் முறையை நிருவாகம் கொண்டுவந்தபோது சுரங்கங்கள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நின்றன. அவ்வேலைநிறுத்தத்தைக் கூலிக்கான போராட்டமாக மட்டும் கருதுவது போதாது. தம்மைப் பற்றிய ஏட்டைப் பிறர் எழுதி வைத்துக்கொள்வதன் பொருள் என்னவென்பதை, இதழ் படித்த, இதழ் நடத்திய அச்சமூகம் நன்கு அறிந்திருந்தது. 1946 நவம்பர் 4இல் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. லண்டனின் ஆட்சி முடிவுற்றது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்களும் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கு எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன்.

எத்தனை டன், எத்தனை அடி ஆழம், எவ்வளவு இலாபம் என்று கம்பெனி ஏடுகளைக் கொண்டு எழுதப்படும் வரலாறு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. சுரங்கத்திலிருந்து ஏறி வந்து, விளக்கொளியில் 'தமிழன்' படித்தவரின் வரலாறு அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுக்கப்பட்டபோது தமிழுலகம் அவரைப் புதிதாகக் கண்டதுபோல் வியந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவரைத் தம் சொந்தச் செலவில் அச்சேற்றிக் காத்தவர்கள் தங்கவயலின் உழைப்பாளர் சமூகத்தினர். கோலாரின் வரலாற்றை எழுதப் புகுவோர் லண்டன் முகவரியோடு சித்தார்த்த புத்தகசாலையின் முகவரியையும் தேடிச் செல்லுதல் வேண்டும்.