எல்லைக் கிராமங்களில் வைத்தியத் தொழில் வளர்ந்த வரலாறு

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு நம் சங்கச் செயலாளர் பணித்தபோது எனக்குத் தயக்கமே மேலோங்கியது. பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கெழுதும் எழுத்தன் நான். ஆயினும் சென்ற சித்திரையில் என் தமக்கை மகன் மருத்துவப் படிப்பை முடித்து வந்து, "மாமா, பட்டம் கிடைத்துவிட்டது. இனி எங்கே தொடங்குவது? பட்டணத்துப் பெரிய மருத்துவமனையில் சம்பளத்துக்குச் சேர்வதா, பாறசாலைப் பக்கத்தில் சொந்தமாக ஒன்று தொடங்குவதா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே ஈண்டு எழுதுகின்றேன்.

இக்கேள்வி இம்மண்ணுக்குப் புதியதன்று. களியக்காவிளைக்கு இப்பாலுள்ள பாறசாலையும் நெய்யாற்றின்கரையும், அப்பாலுள்ள விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; தமிழர் வேண்டிப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. நாட்டை இரண்டாக வகுத்த கோடு நோயாளிகளைத் தடுக்கவில்லை. எனவே எல்லைக்கு அப்பாலுள்ள நெய்யூரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கின்றது.

1838ஆம் ஆண்டு இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் நெய்யூருக்கு வந்தார். சில ஆண்டுகளில் அவர் விலகவே, பணி நின்றது. பின்னர் வந்த லீச் என்பார் நற்பெயர் பெற்றுவந்த காலையில், 1854இல் கடலில் நீராடும்போது மூழ்கி மாண்டார். மீண்டும் பணி நின்றது. ஒரு மனிதரை மட்டும் தூணாக நம்பிக் கட்டிய வீடு அத்தூண் சாய்ந்ததும் வீழ்ந்தது.

1861இல் வந்த ஜான் லோ இதனை நன்கு உணர்ந்தவர் போலும். அவர் நோயாளிகளைப் பார்த்ததோடு அமையாது உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்திய வகுப்பு ஒன்றை நடத்தினார். மருந்து கலக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், நோயறியவும் பயின்ற அவர்கள் பலர், அரசாங்க வாசலை மிதிக்கவும் தயங்க வேண்டியிருந்த குலங்களில் பிறந்தவர்கள். 1868இல் லோ தாயகம் திரும்பினார். இம்முறை பணி நிற்கவில்லை. அடுத்த வெள்ளைக்கார மருத்துவர் வரும்வரை அவரிடம் பயின்றவர்களே நடத்தினர். நாளடைவில் நெய்யூரைத் தலைமையிடமாகக் கொண்டு கிளை மருத்துவமனைகள் பல எழுந்தன. கிளைதோறும் உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றார். தொழில் முன்னேற்றம் என்று இன்று பேசுகின்றோமே, டிரஸ்ஸராய்ச் சேர்ந்த ஒருவன் கிளை மருத்துவமனைக்குப் பொறுப்பாளனாய் உயர்ந்ததைவிடப் பெரிய முன்னேற்றம் அந்நாளில் இப்பக்கத்தில் யாது?

இனி, நெய்யாற்றின் கரையிலேயே மற்றொரு வரலாறு உண்டு. திருவனந்தபுரம் பேட்டையில் 1863இல் பிறந்த டாக்டர் பல்பு, திருவிதாங்கூர் அரசாங்க மருத்துவ வகுப்புக்கான நுழைவுத் தேர்வில் தேறியும் சேர்க்கப்படவில்லை. வயது மிகுதி என்று காரணம் காட்டினர்; ஈழவராய்ப் பிறந்ததே மெய்யான காரணம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றுத் திரும்பினார். அப்போதும் வேலை மறுக்கப்பட்டது. சொந்த நாட்டில் நாடி பார்க்க இடமின்றி மைசூர் சமஸ்தானம் சென்றார். 1898இல் பெங்களூரில் கொள்ளைநோய் பரவியபோது, பிறர் ஊரைவிட்டு ஓட, அவர் நோயாளிகளின் நடுவே நின்று பணியாற்றினார்.

திருவிதாங்கூர் இழந்தது ஒரு நல்ல மருத்துவரை. ஆனால் பல்பு தம் ஏமாற்றத்தை முணுமுணுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. 1891இல் மகாராஜாவுக்கு அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியலில் 10,028 பேர் கையொப்பமிட்டனர். மூன்றாம் கையொப்பம் அவருடையது. (அம்மனு, உயர் உத்தியோகங்களில் நிறைந்திருந்த வெளிநாட்டுத் தமிழ்ப் பிராமணர்களைக் குறித்த முறையீடு என்பது நம்மவர்க்குச் சற்றுக் கசக்கும். கசந்தாலும் வரலாறு வரலாறே.) 1896இல் ஈழவர்க்கெனத் தனி மனு ஒன்றில் 13,176 பேரின் கையொப்பம் திரட்டினார். இரண்டும் பெரும்பயன் விளைக்கவில்லை.

மனுக்களால் கதவு திறவாதென்று கண்டபின் அவர் தேர்ந்த வழியே இக்கட்டுரைக்கு உயிரானது. நெய்யாற்றின்கரைக்கு அணித்தேயுள்ள அருவிப்புரத்தில் 1888இல் நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தருளினார். அக்கோயிற் காரியங்களைக் கவனிக்க ஏற்பட்ட சிறு கூட்டத்திலிருந்தே 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பிறந்தது. பல்புவின் முயற்சியால், அது கம்பெனிச் சட்டப்படிப் பதிவு செய்யப்பெற்றது. கோயிற் காரியத்துக்குக் கம்பெனி எதற்கு என்று அன்றும் சிலர் நகைத்திருக்கக்கூடும். ஆனால் பதிவேடு, பங்கு, கணக்கு இவற்றால் பிணைந்த அமைப்பு ஒருவர் கையில் சிக்குண்டு கிடக்காதென்பதை, கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. தாம் பெங்களூரில் வீட்டில் வைத்துப் படிக்க உதவிய இளங்கவி குமாரன் ஆசானை அதன் செயலாளராக்கினார். 1905இல் கொல்லத்தில் நடந்த ஆண்டு விழாவோடு கைத்தொழில் பொருட்காட்சியும் நடத்தினார். ஊசியும் மருந்தும் கைக்கொண்ட மருத்துவர் நெசவையும் தொழிலையும் பற்றி எண்ணியது வியப்பே. வேலை மறுக்கப்பட்டவன் பிறர்க்கு வேலை உண்டாக்க முனைந்த வரலாறு இது.

மூன்றாமவர் ஹோவர்டு சாமர்வெல். 1922இல் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுவில் ஒருவர். அப்பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வருகையில் நெய்யூரைக் கண்டார். அங்கே நோயாளிக் கூட்டத்தின் நடுவே போதிய துணையின்றி மருத்துவர் திணறுவதைக் கண்டார். இலண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் நல்ல பதவி அவருக்குக் காத்திருந்தது. அதை ஏற்காமல் நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, பிராணவாயுக் குழாயின்றி 28,000 அடியளவு ஏறித் திரும்பி, வயிற்றுப் புண்ணாலும் பிற நோய்களாலும் வருந்திய நம் ஏழை மக்களுக்கு அறுவை செய்துகொண்டு கால் நூற்றாண்டுக் காலம் வாழ்ந்தார். பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தார். நம் பாறசாலைக்கு அருகே காரக்கோணத்தில் 2002இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பதவியை ஒருவர் விட்டுவந்தார். மற்றொருவர் பதவியே கிடைக்காமல் வெளியேறினார். இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. துறத்தல் வேறு, துரத்தப்படுதல் வேறு. பல்புவின் இடத்தில் நானிருந்தால் மைசூரில் நிம்மதியாய்ச் சம்பளம் வாங்கியிருப்பேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு நாணமில்லை.

என் மருமகன் இவற்றைக் கேட்டுவிட்டு, "அவர்களுக்கு வங்கிக் கடன் இல்லையே, மாமா!" என்று சிரித்தான். அவன் சொன்னதிலும் பொருளுண்டு. படிப்புக்கு வாங்கிய கடன் தலைமேல் இருக்க, கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மேற்கடன் வாங்கித் தனியே அமர்வது எளிதன்று. நான் அவனுக்குச் சொன்னது இவ்வளவே: முதலில் ஒருவரிடம் பணிசெய், உன்னிடம் பயில இருவரைச் சேர், கணக்கைப் பிறர் பார்க்கும்படி எழுது, அதன்பின் கட்டடம் கட்டு.

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "நெய்யூருக்கு இரணியலில்தானே இறங்க வேண்டும்? காலையில் எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்டான். கால அட்டவணை எனக்கு மனப்பாடம். நேரத்தைச் சொல்லி, இரண்டு சீட்டு நானே வாங்கினேன்.