பழைய மொழியும் அதனைப் பேணியோரும்

கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளுள் கோபோல் என்பது ஒன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் 1959ஆம் ஆண்டு கூடிய குழுவினர், கிரேசு ஆப்பர் அம்மையார் முன்னரே அமைத்திருந்த மொழியைப் பெரிதும் தழுவி இதனை வகுத்தனர். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் தம் கணக்குகளை இதன்வழி அமைத்துக்கொண்டன.

பின்னர்ப் புதுமொழிகள் பல தோன்றின. கோபோல் கற்போர் அருகினர். ஆயினும் பழைய நிரல்களை மாற்றப் பெரும்பொருள் வேண்டும். பிழை நேரின் கணக்கே குலையும். ஆதலின் அவற்றைப் பேணுவோர் பழமையிலேயே தங்க நேர்ந்தது; முதுமையும் எய்தினர்.

2020ஆம் ஆண்டு கொள்ளைநோயால் வேலையிழந்தோர் உதவித்தொகைக்குத் திரண்டபோது, நியூ செர்சி மாநில ஆளுநர் பில் மர்பி, கோபோல் அறிந்தோர் உதவ முன்வருமாறு வேண்டினார். பழுது மொழியில் அன்று. அதனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்காது விட்டதிலேயே இருந்தது. அக்குறையின் சுமையோ ஊதியமற்றோர் அடுப்பங்கரையில் இறங்கியது.