வேர் கிண்டினது ஆர்?

கனநாளா இங்க ஒண்டும் எழுதேல்லை. கிச்சின் வேலை முடிஞ்சு வீட்டை வர நடுச்சாமமாகுது. எண்டாலும் எங்கட ஊர்ச் சாயவேரைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கி வைச்சிருந்தனான். பல்கலைக்கழகத்தில சரித்திரம் படிக்கப்போய் அரைவழியில விட்டவன், ஆசை மட்டும் போகேல்லை.

என்ர பந்தி இதுதான்:

“1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். வேர்குத்திகள் சாயவேர் கிண்டினார்கள். சாயக்காரர் துணிக்குச் சிவப்பேற்றினார்கள். கம்பனி துணியைக் கப்பலேற்றியது.”

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற மாஸ்டர் ஒருத்தருக்குக் காட்டினன். “என்ன தம்பி, வெண்டிக்காய் வெட்டின மாதிரித் துண்டு துண்டாக் கிடக்குது? சேத்து எழுதும்” எண்டார். சேத்தன்:

“ஒல்லாந்தக் கம்பனி சாயவேரைக் கிண்டி, துணிக்குச் சிவப்பேற்றி, கப்பலில் அனுப்பியது.”

வாசிக்க நல்லாத்தான் இருந்தது. பிறகுதான் யோசிச்சன், கம்பனிக்காரன் எந்தக் காலத்தில மண்வெட்டி பிடிச்சவன்? கிண்டி, ஏற்றி எண்டு வினையெச்சத்தில கோத்தால் எல்லாத்துக்கும் எழுவாய் ஒண்டாப் போயிடும். வேர்குத்திகளும் சாயக்காரரும் ஒரு கமாவுக்குள்ள காணாமல் போச்சினம்.

இம்பூறல் எண்டுறதும் இந்தச் செடியைத்தான். மணல் தரையில வளரும், வேர் மெல்லிசா நீளமாப் போகும், அறாமல் எடுக்கவேணும். வேரில இருக்கிற சிவப்பு, படிகாரம் சேர்ந்தால்தான் துணியில நிற்கும். யாழ்ப்பாணத்துக் கொமாண்டரா இருந்த ஹென்றிக் சுவார்டெக்ரூன் 1697இல் எழுதிவைச்சுப் போன குறிப்பிலையும் இந்த வேர்க் கதை வருது. கிண்டிக் குடுக்கிறது வேர்குத்திகளுக்குச் சாதியின்ர பேரில சுமத்தின கடமை. ‘தொழில்’ எண்டு எழுதவே எனக்குக் கை கூசுது.

இப்ப இப்பிடி மாத்தியிருக்கிறன்:

“வேர்குத்திகள் கட்டாயத்தின் பேரில் கிண்டிக் கொடுத்த வேரால் சாயக்காரர் சிவப்பேற்றிய துணியை, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரின் கம்பனி கப்பலேற்றியது.”

பெயரெச்சத்தில சேத்தால் ஒரு வசனந்தான், ஆனால் அவையவையின்ர வேலை அவையவையோட நிக்குது. கொஞ்சம் மூச்சு முட்டுது, பரவாயில்லை.

இன்னொரு விசயம். அந்த வேரின்ர சிவப்புக்கு அலிசரின் எண்டு பேர். அதைச் செயற்கையாச் செய்யிற முறைக்கு வில்லியம் பெர்கின் 1869இல் காப்புரிமை எடுத்தவர். அவற்ற தொழிற்சாலை இருந்தது இஞ்ச கிறீன்ஃபோர்ட்டில, நான் பஸ்ஸில போய்வாற வழி. செயற்கைச் சாயம் வந்து கொஞ்சக் காலத்தில வேருக்குச் சந்தை விழுந்து போச்சு.

அந்த வசனத்தை மட்டும் ஒண்டோடையும் சேர்க்கேல்லை. மாஸ்டர் பாத்திட்டு என்ன சொல்லுறாரோ தெரியாது.