புல்வெளியும் பங்குத்தொகையும்: கார்டிஃபின் ரூபைனா தோட்டக் கிராமம் குறித்த ஒரு மறுபரிசீலனை

கார்டிஃப் நகரின் வடபுறத்தில் உள்ள ரூபைனா தோட்டக் கிராமத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு வீழ்ச்சிக் கதையையே சொல்லி வந்திருக்கிறார்கள். 1912இல் தொழிலாளருக்காகக் கூட்டுறவு முறையில் தொடங்கிய முயற்சி, முதல் உலகப் போருக்குப் பின் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் குடியேறியதால் தடம் மாறிற்று; 1960களின் இறுதியில் கிராமத்தை நடத்திய கூட்டுறவுச் சங்கம் தன் வீடுகளைக் குடியிருந்தோருக்கே விற்கத் தொடங்கியபோது முற்றிலும் கைநழுவிப் போயிற்று என்பது அதன் சாரம். இதற்கு முதன்மைச் சான்றாக முன்வைக்கப்படுவது நகரமைப்பாளர் ரேமண்ட் அன்வின் வகுத்த மனைத்திட்டமும், அதன்படி எழுந்து 1913 ஜூலையில் பிளிமத் பிரபுவால் திறந்துவைக்கப்பட்ட முதல் 34 வீடுகளும். பொதுப் புல்வெளியைச் சுற்றி ஒரே சாயலில் நிற்கும் இவ்வீடுகள் சமத்துவக் கனவின் சான்று என்றும், பின்னர் நடந்ததெல்லாம் அக்கனவின் சிதைவு என்றும் வாதம் போகிறது. அதே சான்றை நிதி ஏற்பாட்டோடு சேர்த்துப் படித்தால் வேறொரு முடிவுக்கு வர நேரும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ரூபைனா தடம் மாறவில்லை. நிலையான வருமானமுள்ள குடும்பங்களின் புறநகராகவே அது தொடக்கத்திலிருந்து அமைந்தது.

முதலில் திட்டத்தையே பார்ப்போம். முதல் கட்ட வீடுகள் லோன் இசா தெருவிலும் க்ரோய்ஸ் புல்வெளியைச் சுற்றியும் அமைந்தன. அவற்றை வரைந்தவர் அன்வினின் அலுவலகத்திலிருந்து வந்த ஏ. எச். மாட்ரம். அதே காலத்து கார்டிஃப் உள்நகரத் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நீண்ட வரிசையாக ஓடும். இங்கே இரட்டை வீடுகளும் குறுகிய வரிசைகளும் தெருவிலிருந்து பின்வாங்கி நிற்கின்றன. முகப்பில் மதில் இல்லை, வேலிச்செடி உண்டு. சுவர்களுக்கு வெள்ளைச் சொரசொரப்புப் பூச்சு; கூரையை ஆங்காங்கே முக்கோண முகப்புகள் உடைக்கின்றன. இவற்றில் சமத்துவத்தைக் காண்பவர்கள் முற்றிலும் தவறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டை இன்னொன்றைவிட உயர்த்திக் காட்டும் ஆடம்பரம் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் சாயல் ஒன்றாக இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. எல்லா வீடுகளுக்கும் உரிமையாளர் ஒரே சங்கம். சொரசொரப்புப் பூச்சு மலிவான செங்கல்லை மறைக்கும். வேலிச்செடி மதில் கட்டும் செலவை மிச்சப்படுத்தும். கொள்கையின் அடையாளமாகக் கொண்டாடப்படும் கூறுகளில் பல, செலவுக் கணக்கின் விளைவும் ஆகும்.

இது என் ஊகம் மட்டுமன்று. கிராமம் தொடங்கிய அதே 1912இல் அன்வின் வெளியிட்ட சிறுநூல், நெருக்கிக் கட்டுவதால் லாபமில்லை என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. பத்து ஏக்கர் நிலத்தில் வழக்கப்படி 340 வீடுகள் கட்டுவதையும், தாராளமாக 152 வீடுகள் கட்டுவதையும் அவர் ஒப்பிட்டார். இரண்டாவது முறையில் தெரு போடும் செலவு வெகுவாகக் குறைகிறது. மிச்சமாகும் பணம் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய மனையாகத் திரும்பி வருகிறது. ஆக, க்ரோய்ஸ் புல்வெளி அழகுக்காக விட்டுவைத்த இடம் மட்டுமல்ல. போடாமல் விட்ட தெருவும்கூட. இக்கணக்கைத் தோட்டக் கிராம ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டும்போது அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. வீடுகள் குறையும்போது நிலவிலை குறைந்த எண்ணிக்கையினர்மேல் விழுகிறது. தெருச் செலவில் வந்த மிச்சம் அந்தச் சுமையைத் தணிக்கிறது, நீக்கிவிடுவதில்லை. தோட்டம் வேண்டுமென்றால் அதற்கான வாடகையை வாராவாரம் தவறாமல் தரக்கூடிய குடும்பம் வேண்டும்.

அந்தக் குடும்பம் எது என்பதை வரைபடத்தைவிட நிதிவிதிகள் தெளிவாகச் சொல்கின்றன. 1909ஆம் ஆண்டின் வீட்டுவசதி, நகரமைப்புச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு அரசுக் கடன் கிடைக்க வழி திறந்தது. சொத்து மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குவரை கடன் பெறலாம். ஆனால் சங்கம் 5 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை தரக்கூடாது. மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வரும்? லாபத்தில் எல்லை வைத்துப் பணம் போட முன்வரும் செல்வந்தரிடமிருந்தும், பங்கு வாங்கும் குடியிருப்போரிடமிருந்தும்தான். பங்குத்தொகையைத் தவணையில் செலுத்தலாம் என்பது இவ்வகைச் சங்கங்களின் பொது ஏற்பாடு; எனினும் தவணை என்பதே சேமிப்பு உள்ளவருக்கான சலுகை. சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான எச். ஸ்டான்லி ஜெவன்ஸ் கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். இந்த ஏற்பாடு யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று கொள்வது கடினம்.

இடமும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1913இல் நிலக்கரி ஏற்றுமதியின் உச்சத்தில் இருந்த கார்டிஃபில் உழைப்பாளர் பலருக்கு வேலை துறைமுகத்தில் அன்றாடக் கூலியாகவே கிடைத்தது. காலையில் ஆள் எடுக்கும் இடத்தில் நிற்பவர் அருகில் குடியிருந்தாக வேண்டும். பியூட்டவுன், ஸ்பிளாட், கிரேஞ்ச்டவுன் பகுதிகள் நெருங்கி வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். ரூபைனாவோ நகர எல்லைக்கு அப்பால், விட்சர்ச் வட்டாரத்தில் இருந்தது. 1967இல்தான் அது கார்டிஃபோடு இணைந்தது. 1911இல் திறந்த கோரிட்டன் ரயில் பாதை அதை நகரத்தோடு இணைத்தது. ஆனால் ரயில் கட்டணமும் குறித்த நேரத்துப் பயணமும் அலுவலக ஊழியருக்குப் பொருந்தும் அளவுக்குக் கூலியாளுக்குப் பொருந்தா.

போர்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்ற மறுப்பு பலமானது போலத் தோன்றும். கட்டுமானச் செலவு ஏறியது. பென்ட்வின் என்ற நிலத்தில் பெரிதாகத் திட்டமிட்ட கிராமம் 1923 வாக்கில் 189 வீடுகளோடு நின்றது. போர் கிராமத்தின் அளவைச் சுருக்கியது என்பதை ஏற்கிறேன். அதன் இயல்பை மாற்றியது என்பதற்கு அது சான்றாகாது. டி. ஆல்வின் லாய்ட் அடுத்த கட்ட வீடுகளை வரைந்தபோதும் மனை, பங்கு, வாடகை ஆகிய மூன்றின் தர்க்கம் மாறவில்லை. டபிள்யூ. ஜே. கிரிஃபித், ஆர். டி. ஜென்கின்ஸ், யோர்வெர்த் பீட் போன்ற வெல்ஷ் அறிஞர்கள் குடிவந்ததைத் திருப்புமுனையாகக் காட்டும் வாதம் நெடுநேரம் பேசத் தக்கதல்ல. அவர்கள் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. திறந்திருந்த கதவு அவர்களைப் போன்றோருக்கானது. பிற்கால விற்பனையும் ஏற்கெனவே பங்குதாரராகப் பழகியவர்கள் கூட்டுடைமையைத் தனியுடைமையாக்கிக்கொண்ட படிதான்.

மனைத்திட்டம் ஒருவர் தொழிலைச் சொல்லாது. யாருக்கு இடமிருந்தது என்பதை மட்டுமே சொல்லும். அந்த வரம்பை மீறாமலே ஒன்றை உறுதியாகக் கூறலாம். தொடக்கக் கனவுக்குத் துரோகம் நடந்தது என்று நிறுவ, முதலில் கொடுக்கப்பட்ட வாக்குறுதியைக் காட்டியாக வேண்டும். நிதிவிதிகள் அந்த வாக்குறுதியைத் துறைமுகக் கூலியாளுக்கு ஒருபோதும் கொடுக்கவில்லை. இதே காலத்தில் பாரியிலும் ரெக்ஸ்ஹாமிலும் வேல்ஸ் நகரமைப்பு, வீட்டுவசதி அறக்கட்டளை இத்தகைய குடியிருப்புகளை எழுப்பியது. அவற்றின் வரலாற்றை எழுதுவோரும் கட்டடக் கலைஞரின் வரைபடத்தைத் திறக்கும் முன், பங்குத்தொகையின் விதியைப் படிக்க வேண்டும். வரைபடம் விரும்பியதைக் காட்டும். அந்த விருப்பத்துக்கு யார் எவ்வளவு கட்ட வேண்டியிருந்தது என்பதை விதி காட்டும்; புறநகரின் இயல்பைத் தீர்மானித்தது அதுவே.